பாகம் இரண்டுக்குப் போட்ட பந்தோபஸ்து

போன வாரம் தென்காசி ஸ்டேஷனிலிருந்து புதிதாக வந்திருக்கும் எஸ்.ஐ. அம்மா போன் செய்தார்கள். "ஐயா, வெள்ளிக்கிழமை அந்தப் படத்தோட மூணாம் பாகம் ரிலீஸ். தியேட்டர் டூட்டின்னா உங்களைக் கேக்கச் சொல்லுதாங்க. எங்கெங்க ஆள் நிறுத்தணும்?" என்று கேட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆளை எங்க வேணாலும் நிறுத்துங்கம்மா. உள்ள போறவனப் பத்திக் கவலையே படாதீங்க. வெளிய வாரவனத்தான் பாக்கணும்" என்றேன். பிறகு விவரமாகவும் சொன்னேன். சொல்லிவிட்டுப் போனை வைத்த பிறகும் அந்த இரண்டாம் பாகம் வந்த நாள் மனதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

படத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். போலீஸ்காரனாக இருந்தவனுக்கு ஆதாரம் கையில் இல்லாமல் ஒருவர் பெயரைச் சொல்லிப் பழக்கமில்லை. தவிர, அந்தக் கதாநாயகனுக்கு என் வீட்டிலேயே ரசிகர்கள் உண்டு. எனக்கு வேளாவேளைக்குச் சோறு வேண்டும்.

நான் காக்கி போட்ட கதை சின்னது. எங்கள் வீட்டில் வயல் இருந்தது, தண்ணீர் இல்லை. அண்ணன் பட்டாளத்துக்குப் போனான், நான் போலீசுக்கு வந்தேன். பயிற்சியில் ஓடினோம், விழுந்தோம், ஏச்சு வாங்கினோம், மறுபடியும் ஓடினோம். அதற்குமேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை. வேலைக்கு வந்த பிறகு என் பிழைப்பில் பாதி குற்றால அருவிக்கரையிலும் மீதி தென்காசி தியேட்டர் வாசலிலும் போயிற்று. இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்தவை என்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. சாரல் பிடித்து அருவியில் தண்ணீர் கூடினால் குளிக்கத் தடை போடுவார்கள். எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிற்கிற கூட்டம் எங்கே போகும்? தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நேராக சினிமாவுக்கு வரும். சீசன் முடியும்போது தியேட்டர் நாற்காலிகளின் முதுகெல்லாம் எண்ணெய்ப் பிசுக்காக இருக்கும்.

எனக்கு வாய்த்த அதிகாரிகளில் இன்ஸ்பெக்டர் பரமசிவம் தனி ரகம். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. யார் எதிரே வந்து நின்றாலும், திருடனோ கட்சிக்காரரோ, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைப்பார். துடைத்து மாட்டிக்கொண்டு, "சரி, அப்புறம்?" என்பார். அவ்வளவுதான். வந்தவன் சொல்ல நினைத்ததைச் சொல்லி முடித்திருப்பான். அப்புறமும் அவர் "சரி, அப்புறம்?" என்று பார்த்துக்கொண்டே இருப்பார். அந்த மௌனம் தாங்காமல் சொல்லக் கூடாததையும் சேர்த்துக் கொட்டிவிடுவான். எத்தனையோ கேஸ் இப்படித்தான் முடிந்தது.

தியேட்டர் பந்தோபஸ்துக்கு அவர் வைத்திருந்த முறை இது. முதல் நாள் சாயங்காலமே போய்க் கதவுகளைத் தள்ளிப் பார்ப்பார். எந்தக் கதவின் தாழ்ப்பாளாவது திறக்க வராமல் இறுகிப் பிடித்தால் அதைக் கழற்றி மேனேஜர் மேசையில் வைத்துவிட்டு வருவார். கட்-அவுட்டுக்குப் பால் ஊற்ற ஏணியில் ஒரே ஒரு ஆள்தான் ஏற வேண்டும், அதுவும் சாரல் அடித்தால் யாரும் ஏறக் கூடாது. லத்தியை ஜீப்பிலேயே வைத்துவிட வேண்டும். "உள்ள லத்தியோட போனா, படத்துல நாமளும் நடிக்கோம்னு பயலுக நெனச்சுக்கிடுவானுக" என்பார். எல்லாவற்றுக்கும் மேலான விதி, திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்பது. என் முதல் டூட்டியில் என் தோளைப் பிடித்து அப்படியே கூட்டத்தைப் பார்க்கத் திருப்பி நிறுத்தினார். "படம் பாக்கதுக்கு டிக்கெட் இருக்கு. படம் பாக்கிறவனப் பாக்கதுக்குத்தான் நமக்குச் சம்பளம்" என்றார்.

அப்படி நின்று நின்று நான் பார்க்காத படங்களையெல்லாம் முகங்களில் பார்த்தவன் ஆனேன். நல்ல படமென்றால் ஜனங்களின் வாய் லேசாகத் திறந்திருக்கும். சுமார் படமென்றால் கை முறுக்குப் பொட்டலத்துக்குப் போய்ப் போய் வரும். மோசமென்றால் செல்போனை எடுத்துவிடுவார்கள், முகமெல்லாம் நீலமாகிவிடும். எந்தப் பத்திரிகைக்காரருக்கும் முன்னால் ஒரு படத்தின் தலையெழுத்து எனக்குத் தெரிந்துவிடும்.

அந்த அதிரடிப் படத்தின் முதல் பாகம் வந்தபோது ஆயிரம் வாய் திறந்திருந்தது. சின்ன ஊருக்கு மாற்றலாகி வரும் ஒரு சப்-இன்ஸ்பெக்டர், ஆள் கடத்தும் கும்பல் ஒன்றைப் பிடிக்கிற கதை. ஆனால் கைதட்டலை அள்ளிக்கொண்டு போனது கதாநாயகன் இல்லை. அவனுக்குத் தூக்குவாளியில் சாப்பாடு கொண்டுவரும் ஒரு வயசான ஏட்டு. சண்டைக்கு நடுவில் தூக்குவாளியைக் கீழே வைக்காமல் ஒரு கையாலேயே ஒரு ரவுடியை மடக்கிவிட்டு, "சோறு ஆறிரும் சார்" என்பார். அந்த இடத்தில் தியேட்டர் கூரை பிய்ந்துகொண்டு போகும்.

அப்போது நானும் ஏட்டு, எனக்கும் நரைத்த மீசை. கேட்க வேண்டுமா? தென்காசி பஜாரில் நான் நடந்தால் கடைக்குக் கடை, "ஏட்டய்யா, தூக்குவாளி எங்க?" என்பார்கள். வெளியே சலித்துக்கொண்டாலும் உள்ளுக்குள் எனக்குக் குளிர்ந்துதான் போயிருந்தது. ஒருநாள் உண்மையிலேயே தூக்குவாளியில் மதியச் சாப்பாட்டைக் கட்டித் தரச் சொன்னேன். என் வீட்டுக்காரி மேலும் கீழும் பார்த்தாள். "டிபன் பாக்ஸ் இருக்கும்போது எதுக்கு இந்தக் கோட்டித்தனம்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

படம் ஓடி முடிந்ததும் இரண்டாம் பாகம் வருகிறது என்றார்கள். ஊரே துள்ளியது. எனக்கு மட்டும் நம்பிக்கை இல்லை. ஏனென்றால் அதற்குள் பல படங்களின் இரண்டாம் பாகங்களுக்கு நான் காவல் நின்றிருந்தேன். முதல் பாகத்தில் கதாநாயகன் பஸ்ஸில் வருவான், இரண்டாம் பாகத்தில் ஹெலிகாப்டரில் இறங்குவான். முன்பு ஒருமுறை சொல்லிக் கைதட்டல் வாங்கிய வசனத்தை இதில் மூச்சுக்கு மூச்சு சொல்வான். பாதிப் படம் வெளிநாட்டில் நடக்கும், அந்த ஊர்ப் போலீசுக்கெல்லாம் என்ன சோலியோ தெரியாது, ஒருத்தரும் கண்ணில் பட மாட்டார்கள். வில்லன் யாரென்றால், முதல் பாகத்தில் செத்துப்போன வில்லனின் தம்பி. அண்ணன் செத்த கேதத்துக்குக்கூட வராதவன், படம் நன்றாக ஓடியது என்று கேள்விப்பட்டதும் பழிவாங்கக் கிளம்பி வருவான்.

இங்கே மாரியப்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் கதாநாயகனின் தென்காசி ரசிகர் மன்றத் தலைவன். பிழைப்புக்குப் பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் டெம்போ ஓட்டினான். அதே மார்க்கெட்டில் மண்டி வைத்திருந்த சுடலைமுத்து அண்ணாச்சி தன் மகள் செல்வியை அவனுக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தார். எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பெண் கொடுக்குமுன் மாப்பிள்ளையைப் பற்றி ஸ்டேஷனில் வந்து ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவார்கள். அண்ணாச்சியும் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் பெரிய கறுப்புக் குடை. வெயிலோ மழையோ, அந்தக் குடையில்லாமல் அவரை யாரும் பார்த்திருக்க முடியாது.

இப்படி வருகிறவர்களுக்கு இன்ஸ்பெக்டர் நல்லவன் கெட்டவன் என்று சொல்லவே மாட்டார். என்னைக் கூப்பிட்டு, "ஏட்டு, நீங்க பாத்தத மட்டும் சொல்லுங்க. நெனச்சதச் சொல்லாதீங்க" என்பார். நான் சொன்னேன்: "அவன் மேல கேஸ் ஒண்ணும் கிடையாது அண்ணாச்சி. கட்-அவுட்டுக்குப் பால் ஊத்துவான். மிச்சப் பாலுல டீ போட்டு ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கவங்களுக்குக் குடுப்பான். ரெண்டையும் பாத்திருக்கேன்." அண்ணாச்சி தலையாட்டினார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, "ரெண்டாம் பாகம் எப்ப வருதுன்னு அவங்கிட்ட கேட்டா தெரியும்லா?" என்றார். பேச்சுக்குக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

நிச்சயம் முடிந்தது. ஆவணியில் முகூர்த்தம். அதற்கு முன்னால் ஆனியில், நல்ல சீசனில், இரண்டாம் பாகம் வந்தது. மாரியப்பன் தன் செல்வாக்கை மாமனார் வீட்டுக்குக் காட்ட வேண்டாமா? முதல் காட்சிக்கு பால்கனியில் அண்ணாச்சி, அவர் சம்சாரம், செல்வி மூன்று பேருக்கும் இடம் பிடித்து வைத்திருந்தான். அன்றைக்கென்று அருவியில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை. குற்றாலத்துக் கூட்டமும் சேர்ந்துகொண்டது. தியேட்டருக்குள் ஈரத்துண்டு வாடையும் எண்ணெய் வாடையும் மூக்கைத் துளைத்தன.

நான் வழக்கம்போல் திரைக்கு முதுகைக் காட்டி நின்றேன். படம் ஆரம்பித்தது. விசில், கூச்சல், காகிதப் பூ. கொஞ்ச நேரத்தில் தூக்குவாளி ஏட்டு வந்திருக்க வேண்டும், எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அடுத்து என் முதுகுக்குப் பின்னால் ஒரு லாரிச் சத்தம். தூக்குவாளி ரோட்டில் உருளும் சத்தம். பிறகு சோகமான வயலின். அந்த மனுஷனைக் கொன்றுவிட்டார்கள்.

அப்போது நடந்ததை என்னால் மறக்கவே முடியாது. அத்தனை பேரும் திரையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு அம்மா, "ஐயோ பாவம்" என்றாள். எனக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "படத்தப் பாருங்க, படத்தப் பாருங்க" என்றேன். உயிரோடு இருக்கிறவனுக்கு அப்படி ஒரு துக்கம் விசாரிப்பு வரக் கூடாது.

அதற்குப் பிறகு ஹெலிகாப்டர் வந்தது, தம்பி வில்லன் வந்தான், வெளிநாடு வந்தது. முகங்கள் ஒவ்வொன்றாக நீலமாயின. "ஏலே மாரி, இதுக்கா எங்கள வரச்சொன்ன?" என்று பின்வரிசையிலிருந்து ஒருத்தன் கத்தினான். இன்னொருத்தன், "எங்கலே அவன், வெளிய வரட்டும்" என்றான். பாவம், படத்தை மாரியப்பனே எடுத்த மாதிரி ஆகிவிட்டது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அவன் தலை குனிந்தே இருந்தது.

இடைவேளை விட்டதும் நான் பால்கனி மாடிப்படியில் நிற்க வேண்டும். அங்கிருந்து முன்கூடம் முழுவதும் தெரியும். கூடத்துச் சுவரில் ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குள் படத்தின் போட்டோக்கள். அண்ணாச்சி தனியாக இறங்கிவந்து அதன் முன்னால் நின்றார். தம்பி வில்லனின் போட்டோவையே முறைத்துக்கொண்டிருந்தார். திடீரென்று குடையை உயர்த்தி, "எங்கலே இருந்த நீ இத்தன நாளும்?" என்று ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். கண்ணாடி கலகலவென்று கொட்டியது.

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு இறங்குவதற்குள் மாரியப்பன் ஓடிவந்துவிட்டான். அண்ணாச்சி கையிலிருந்து குடையைப் பறித்தான். அவரைத் தள்ளிக் கூட்டத்துக்குள் விட்டான். மேனேஜர் வந்து பார்க்கும்போது உடைந்த பெட்டியின் முன்னால் குடையும் கையுமாக மாரியப்பன் நின்றான். "நாந்தான் ஒடைச்சேன்" என்றான். யார் சந்தேகப்படப் போகிறார்கள்? கூட்டம் ஏற்கெனவே அவன்மேல் கொதித்துப்போய் இருந்தது. அடி விழுவதற்குள் இன்ஸ்பெக்டர் அவனை ஜீப்பில் ஏற்றினார். நான் ஓடிப்போய், "ஐயா, அது வந்து..." என்றேன். மாரியப்பன் ஜீப்பிலிருந்தே எனக்குக் கும்பிடு போட்டான், சொல்லாதீர்கள் என்று. இன்ஸ்பெக்டர் இரண்டு பேரையும் பார்த்தார். "இன்னும் பாதிப் படம் கிடக்கு ஏட்டு. முடிச்சிட்டு ஸ்டேஷன்ல வந்து சொல்லுங்க" என்று கிளம்பிவிட்டார்.

அந்தப் பாதிப் படம் எனக்கு நகரவே இல்லை. கூட்டத்துக்கும் நகரவில்லை, அது வேறு விஷயம்.

படம் விட்டு நான் ஸ்டேஷனுக்குள் நுழைந்தபோது இன்ஸ்பெக்டர் மேசைமேல் அந்தக் குடை கிடந்தது. தியேட்டர் மேனேஜர் கையில் புகார் மனு. பெஞ்சில் மாரியப்பன். எதிரே நாற்காலியில் அண்ணாச்சி, சாரலில் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. அவர் பக்கத்தில் ஒருத்தர் விறைப்பாக நின்றார். அண்ணாச்சியின் மச்சினன், அதாவது செல்வியின் தாய்மாமன். பட்டாளத்தில் சுபேதாராக இருந்து வந்தவர். அந்த வீட்டில் அவர் வார்த்தைதான் கடைசி வார்த்தை. சம்சாரமும் செல்வியும் வராந்தாவில் நின்றார்கள்.

சுபேதார் பேசினார்: "சுத்தி வளைக்காம கேக்கேன் சார். இந்தப் பய மேல கேஸ் எழுதுதீங்களா, இல்லையா? கேஸ் உள்ளவனுக்கு எங்க பிள்ளையக் குடுக்க மாட்டோம். இப்பவே பேச்ச முறிச்சுக்கிடுதோம்."

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைத் துடைத்தார். "சரி, அப்புறம்?"

"அப்புறம் என்ன, எங்க அத்தானே அவனக் கண்ணால பாத்திருக்காரு. கேளுங்க. அத்தான், சொல்லும்."

அண்ணாச்சி சுபேதார் முகத்தைப் பார்த்தார், வராந்தாவைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் மச்சினன் முன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் மகள் கல்யாணம் போகும். காய்கறி மார்க்கெட்டையே ஒரு சத்தத்தில் அடக்குகிற மனுஷன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து வேட்டியைப் பிசைந்துகொண்டிருந்தார். எனக்கே பாவமாகிவிட்டது.

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். "ஏட்டு, நீங்க மாடிப்படியிலதான் நின்னீங்க. பாத்தத மட்டும் சொல்லுங்க."

மாரியப்பன் மறுபடியும் கும்பிட்டான். நான் என்ன செய்ய? கோர்ட்டில் சாட்சி சொல்கிற மாதிரி மெதுவாக ஆரம்பித்தேன். "இடைவேளை விட்டுச்சு ஐயா. ஜனங்க வெளிய வந்தாங்க. கண்ணாடிப் பெட்டி முன்னால ஒருத்தர் வந்து நின்னாரு. அப்ப மாரியப்பன் அங்கன இல்ல, முறுக்குக் கடைப் பக்கம் நின்னான்." சுபேதார் புருவத்தை உயர்த்தினார். "நின்னவரு வயசானவரு. வெள்ளச் சட்டை போட்டிருந்தாரு. அவரு கையில..."

"போதும் ஏட்டய்யா!" அண்ணாச்சி எழுந்துவிட்டார். "நாந்தான்யா ஒடைச்சேன். அந்தப் பிள்ளையப் போட்டுப் படுத்தாதீங்க, நாந்தான் ஒடைச்சேன்."

சுபேதார் திகைத்துப்போனார். "நீரா?"

"என்னால தாங்க முடியல மாப்ள. அந்த ஏட்டய்யா யாருக்கு என்ன கெடுதல் செஞ்சாரு? செவனேன்னு சோத்தத் தூக்கிக்கிட்டு வாராரு. அந்தத் தம்பிக்காரப் பய பின்னால வந்து லாரிய விட்டு ஏத்திட்டான். மொத பாகத்த நான் அவருக்காகவே மண்டியப் பூட்டிட்டு வந்து வந்து பாத்தேன். கேரளாவுக்கு லோடு ஏத்தப் போறேன்னு வீட்டுல பொய் சொல்லிட்டு வந்து பாத்தேன்." சொல்லச் சொல்ல அவருக்குக் கண் நிரம்பிவிட்டது. தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

சுபேதார் முகம் சிவந்திருந்தது. சரி, மனுஷனைக் கிழித்துத் தோரணம் கட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் தொண்டையைச் செருமினார்.

"எந்த ஏட்டு?"

"தூக்குவாளி ஏட்டு."

"செத்துட்டாரா?"

"படம் போட்ட பத்தாவது நிமிசம்."

சுபேதார் பக்கத்தில் கிடந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து சாயங்காலக் காட்சிக்கான டிக்கெட்டை எடுத்தார். அதை ஒருமுறை பார்த்துவிட்டு இன்ஸ்பெக்டர் மேசையில் வைத்தார். "தோட்டத்துக்குத் தண்ணி பாஞ்சுக்கிட்டு இருந்தது சார். பாதியில விட்டுட்டு ஓடியாந்தேன், இதுக்காக" என்றார். குரலில் விறைப்பு கொஞ்சமும் இல்லை.

இன்ஸ்பெக்டர் மேனேஜரைப் பார்த்தார். "சரி, அப்புறம்?"

"அப்புறம் என்னத்த சார்," மேனேஜர் மனுவை நான்காக மடித்தார். "காலையில இருந்து என்னையத்தான் எல்லாரும் ஏசிக்கிட்டுப் போறாங்க, நான் என்னமோ லாரி ஓட்டுன மாதிரி. கண்ணாடிய மாட்டிக் குடுத்தாப் போதும். அந்தத் தம்பிக்காரன் போட்டோவ மட்டும் திரும்ப வைக்க மாட்டேன்."

சுபேதார் மாரியப்பனைத் தன் பக்கம் கூப்பிட்டார். "ஏலே, நீ எதுக்கு ஒம்மேல போட்டுக்கிட்ட? கல்யாணம் நின்னு போவும்னு தெரியாதா?"

"தெரியும் மாமா."

"பொறவு?"

"ஒடைஞ்ச கண்ணாடி முன்னால இந்த மாமா அழுதுக்கிட்டு நின்னாங்க," என்றான் மாரியப்பன். "படம் பாக்க வாங்கன்னு கூட்டியாந்ததே நாந்தான். என் பேச்ச நம்பி வந்து அழுத மனுசனப் போயி எப்படிக் காட்டிக் குடுக்கது?"

இத்தனை வருஷ வேலையில் எத்தனையோ பேர் பழியை அடுத்தவன்மேல் தள்ளப் பார்த்ததுதான் உண்டு. பழியை ஓடிப்போய் வாங்கிக்கொண்டவனை அன்றைக்குத்தான் பார்த்தேன். அண்ணாச்சி அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

அப்போது செல்வி வராந்தாவிலிருந்து உள்ளே வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. மேசையிலிருந்த குடையை எடுத்து அப்பாவிடம் கொடுத்தாள். "நீங்க குடை இல்லாம நனைஞ்சுக்கிட்டு வந்தப்பவே எனக்குத் தெரியும்ப்பா. எப்ப வாயத் தொறப்பீங்கன்னுதான் பாத்துக்கிட்டு நின்னேன்" என்றாள். அண்ணாச்சி தலையைத் தொங்கப் போட்டார்.

சுபேதார் அவளிடம் கேட்டார்: "ஏட்டி, இப்ப நீயே சொல்லு. ஒனக்குச் சம்மதமா, இல்லையா?"

"எனக்குச் சம்மதந்தான் மாமா," என்றாள். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஆனா ஒண்ணு. மூணாவது பாகம்னு ஒண்ணு வந்துச்சுன்னா ரெண்டு பேரும் அந்தப் பக்கமே போகக் கூடாது. இப்பமே, இங்கன, போலீஸ் முன்னால சத்தியம் பண்ணச் சொல்லுங்க."

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டிக்கொண்டு அவர்கள் இருவரையும் பார்த்துக் காத்திருந்தார். கேஸ் வரட்டும், கல்யாணமே நிற்கட்டும் என்று துணிந்து நின்ற மாரியப்பன் சுவரைப் பார்த்தான். அண்ணாச்சி குடையை விரித்து, அதில் ஓட்டை ஏதும் விழுந்திருக்கிறதா என்று கவனமாகச் சோதிக்க ஆரம்பித்தார்.